வீட்டுப் பவளப்பாறைத் தொட்டி

வீட்டுப் பவளப்பாறைத் தொட்டி என்பது பவளப்பாறைச் சூழலில் வாழும் உயிரினங்களை, கடல்நீரிலோ செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட உப்புநீரிலோ வீட்டினுள் வைத்து வளர்க்கும் கண்ணாடித் தொட்டி ஆகும். நன்னீர் மீன்தொட்டியில் மீனே முதன்மை பெறுகிறது. பவளப்பாறைத் தொட்டியில் பவளம், கடற்சாமந்தி, இறால், நத்தை, பாசி, கண்ணுக்குப் புலப்படாத பாக்டீரியா ஆகியன சேர்ந்த ஒரு சிறு சூழல் மண்டலமே வளர்க்கப்படுகிறது. மீன் அதன் உறுப்பினர்களுள் ஒன்று மட்டுமே.

கடலிலிருந்து தொலைவில், ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் உள்ள கோயம்புத்தூர் போன்ற ஊரிலும் இத்தகைய தொட்டியை அமைக்க இயலும். கடலின் அருகாமை இதற்குப் பெரிதும் தேவைப்படுவதில்லை. தூய நீர், சீரான வெப்பநிலை, தடையற்ற மின்சாரம் ஆகிய மூன்றே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கின்றன. இந்தியாவில் இவற்றோடு நான்காவதாகச் சட்டமும் சேர்கிறது. பிற நாட்டு நூல்களைப் படித்துத் தொட்டி அமைக்க முனைபவர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது இந்த நான்காவதையே.

வரலாறு

1846 ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆனா தைன் என்னும் பெண்மணி, டார்க்கி கடற்கரையில் எடுத்த கற்பவளங்களை இலண்டனுக்குக் கொண்டுவந்து கண்ணாடிக் கலத்தில் வளர்த்தார். அக்காலத்தில் நீரேற்றிகள் இல்லாமையால், வீட்டுப் பணிப்பெண் நாள்தோறும் திறந்த சன்னலருகே நின்று நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி ஊற்றிக் காற்றூட்டினார். இன்றைய மின்விசைக் கருவிகள் செய்வதும் அடிப்படையில் இதே பணிதான். 1853 இல் இலண்டன் விலங்கியல் பூங்காவில் உலகின் முதல் பொது நீர்வாழ் காட்சியகம் திறக்கப்பட்டது.

தமிழகத்தில் 1909 ஆம் ஆண்டில் சென்னை மெரினாக் கடற்கரையில் ஒரு கடல்வாழ் காட்சியகம் திறக்கப்பட்டது. மன்னார் வளைகுடாவின் உயிரினங்களை ஆய்ந்தவரும் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவருமான எட்கர் தர்ஸ்டனின் முயற்சி இதற்குப் பின்புலமாக இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது இக்காட்சியகம் மூடப்பட்டது.

இன்று பின்பற்றப்படும் முறைக்கு வித்திட்டவர் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் ஆவார். பவளப்பாறையிலிருந்து எடுக்கப்பட்ட, நுண்ணுயிர்கள் நிறைந்த கற்களைத் தொட்டியில் இட்டு, சிறு காற்றுக் குமிழிகளை மட்டும் செலுத்தினால் நீர் தானே தூய்மையடைவதை அவர் 1961 இல் விளக்கினார். இக்கற்கள் உயிர்ப்பாறை எனப்படுகின்றன. பின்னர் செருமனியின் பெர்லின் ஆர்வலர்கள் உயிர்ப்பாறையோடு புரதப்பிரிப்பியையும் வலுவான ஒளியையும் இணைத்தனர். பெர்லின் முறை எனப்படும் இதுவே பெரும்பாலான வீட்டுத் தொட்டிகளின் அடிப்படை ஆகும்.

உயிரியல் அடிப்படை

பவளம் ஒரு விலங்கு ஆகும். பாலிப்பு எனப்படும் மிகச் சிறிய உயிரிகள் கூட்டமாக வாழ்ந்து, நீரில் கரைந்துள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துச் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டுகின்றன. வெப்பமண்டலப் பவளங்களின் திசுக்களுக்குள் சூசாந்தெல்லே என்னும் ஒருசெல் பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளிச்சேர்க்கை மூலம் செய்யும் உணவின் பெரும்பங்கைப் பவளம் பெறுகிறது. பவளத்தின் கழிவுகள் பாசிக்கு உரமாகின்றன. ஆகவே பவளத் தொட்டிக்கு ஒளி என்பது அலங்காரம் அன்று, அது உணவு ஆகும்.

நீரின் வெப்பநிலை வழக்கத்தைவிட ஓரிரு பாகை கூடி, அது சில வாரங்கள் நீடித்தால் இந்தக் கூட்டுவாழ்வு முறிகிறது. பாசிகள் வெளியேற, பவளம் வெண்ணிறம் அடைகிறது. இது பவள வெளிறல் எனப்படும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பரவலான வெளிறல் நிகழ்ந்தது. கடலில் வாரக்கணக்கில் நிகழும் இது, குளிரூட்டல் நின்றுபோன ஒரு தொட்டியில் இரண்டொரு நாளில் நிகழ்ந்துவிடக்கூடும்.

இந்தியாவில் சட்ட நிலை

தமிழ்நாட்டின் பவளப்பாறைகள் பெரும்பாலும் இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட தீவுகளைச் சுற்றி அமைந்துள்ளன. 21 தீவுகளை உள்ளடக்கிய இப்பகுதி 1986 இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989 இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் கட்டடங்களுக்கும் பல பத்தாண்டுகளாக இங்குப் பவளம் வெட்டி எடுக்கப்பட்டது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரு தீவுகள் கடலுள் மூழ்கியமைக்கு இதுவும் காரணமாகக் கூறப்படுகிறது.

2001 ஆம் ஆண்டு சூலையில் பாறை கட்டும் கற்பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், குழற்பவளம், தீப்பவளம், கடல்விசிறிகள் ஆகியனவும் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அட்டவணை இதுவாகும். கடற்குதிரைகளும் கடல் அட்டைகளும் சிலவகைப் பெருஞ்சிப்பிகளும் இவ்வாறே பாதுகாக்கப்படுகின்றன. முதலாம் அட்டவணை உயிரினங்கள் தொடர்பான குற்றத்துக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தண்டத்தொகை 25,000 ரூபாய்க்குக் குறையாது. இத்திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இதன் பொருள் என்னவெனில், இந்தியக் கடலில் எடுத்த கற்பவளத்தையோ, செத்த பவளத்தால் ஆன உயிர்ப்பாறையையோ வீட்டுத் தொட்டியில் வைக்க இயலாது. "கரையில் ஒதுங்கியது", "செத்தது" என்று விற்பவர் கூறுவது பாதுகாப்பு அளிக்காது. கற்பவளங்கள் அனைத்தும் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிசு உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளன. ஆகவே வெளிநாட்டில் வளர்க்கப்பட்ட பவளமும் ஏற்றுமதி நாட்டின் உரிமத்தோடும் இந்திய இறக்குமதி அனுமதியோடும் வந்திருத்தல் வேண்டும். மென்பவளங்கள் பலவும் கடற்சாமந்திகளும் 2001 ஆம் ஆண்டுப் பட்டியலில் பெயர் சுட்டப்படவில்லை. ஆயினும் தேசியப் பூங்கா எல்லைக்குள் எந்த உயிரினத்தையும் எடுத்தல் குற்றமே.

ஆவணம் காட்ட இயலாத விற்பனையாளரிடம் பவளம் வாங்காமல் இருப்பதே முறையாகும். பவளம் இன்றி, இனப்பெருக்கக் கூடத்தில் பிறந்த மீன்களையும் செயற்கைக் கற்களையும் கொண்டு அமைக்கப்படும் தொட்டியும் முழுமையான கடல்நீர்த் தொட்டியே ஆகும். தொடங்குபவர்களுக்கு அதுவே ஏற்றது. கீழே விவரிக்கப்படும் நீர், வெப்பம், நீரோட்டம் ஆகிய செய்திகள் இருவகைத் தொட்டிகளுக்கும் பொருந்துவன.

நீர்

கொங்கு நாட்டுப் பேச்சுவழக்கில் குழாயில் வரும் ஆற்றுநீர் "நல்ல தண்ணீர்" என்றும், ஆழ்துளைக் கிணற்று நீர் "உப்புத் தண்ணீர்" என்றும் வழங்குகின்றன. இவ்வுப்புத் தண்ணீருக்கும் கடல்நீருக்கும் தொடர்பு ஏதும் இல்லை. கடல்நீரில் ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. அவற்றுள் பெரும்பங்கு சோடியம் குளோரைடு. ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புத்தன்மை இதைவிடப் பன்மடங்கு குறைவு. மேலும் அதில் கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட்டு ஆகியவற்றோடு, வேளாண் பகுதிகளில் உர எச்சமாகிய நைட்ரேட்டும் கலந்திருக்கும். அதைக்கொண்டு கடல்நீர் தயாரித்தால் முதல் மாதத்திலேயே தொட்டி முழுவதும் பாசி படரும்.

சிறுவாணி நீர் கரைந்த உப்புகள் மிகக் குறைந்தது. இருப்பினும் நகராட்சிக் குழாய்நீரில் குளோரின் இருப்பதால் அதையும் நேரடியாகப் பயன்படுத்துதல் கூடாது. எதிர் சவ்வூடுபரவல் கருவியில் வடிகட்டி, பின்னர் அயனிநீக்கப் பிசின் வழியாகச் செலுத்திய நீரே பரிந்துரைக்கப்படுகிறது. வீட்டுக் குடிநீர் ஆர்ஓ கருவிகளில் சுவைக்காகத் தாதுக்களை மீண்டும் சேர்க்கும் பகுதி இருப்பின், அதற்கு முந்தைய நிலையில் நீரைப் பிரித்தெடுக்க வேண்டும். சிறுவாணி நீர் வரும் வீடுகளில் பிசின் நெடுநாள் உழைக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரை மட்டும் நம்பியுள்ள வீடுகளில் சவ்வும் பிசினும் விரைவில் தீர்ந்துபோகும்.

இவ்வாறு தூய்மையாக்கிய நீரில் பவளத்தொட்டிக்கென விற்கப்படும் உப்புக்கலவையைக் கரைக்க வேண்டும். கலவையில் ஈரம் பிணைந்திருப்பதால் லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் வரை தேவைப்படும். 200 லிட்டர் தொட்டிக்கு முதல் நிரப்பலில் ஏழரைக் கிலோ வரை செலவாகும். சமையல் உப்பு இதற்கு மாற்றாகாது. அதில் கால்சியமும் மக்னீசியமும் ஏனைய நுண்தனிமங்களும் போதிய அளவில் இல்லை. கொச்சியிலிருந்தோ இராமேசுவரத்திலிருந்தோ கேன்களில் கடல்நீர் கொண்டுவருவோரும் உண்டு. கரையோர நீர் கழிவுகளால் மாசடைந்திருக்கலாம். மழைக்காலத்தில் அதன் உப்புத்தன்மையும் குறைந்துவிடும்.

உப்புத்தன்மையை ஒளிவிலகல்மானி கொண்டு அளப்பது வழக்கம். 25 பாகை செல்சியசில் ஒப்படர்த்தி 1.025 முதல் 1.026 வரை இருத்தல் வேண்டும். நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. 200 லிட்டரில் 10 லிட்டர் ஆவியானால் உப்புத்தன்மை ஆயிரத்தில் 35 இலிருந்து ஏறத்தாழ 36.8 ஆக உயரும். எனவே குறைந்த அளவை ஈடுசெய்ய உப்புநீரை ஊற்றாமல் தூய நன்னீரையே ஊற்ற வேண்டும். புதியவர்களின் தொட்டிகள் அழிவதற்கு இந்த ஒரு செய்தியை அறியாமையே அடிக்கடி காரணமாகிறது.

வெப்பநிலை

பவளத்தொட்டியின் நீர் 25 முதல் 27 பாகை செல்சியசு வரை இருத்தல் நன்று. கோயம்புத்தூரில் மார்ச்சு முதல் மே வரை பகல் வெப்பம் 36 பாகையைத் தாண்டும். விளக்குகளும் நீரேற்றிகளும் தம் பங்குக்கு வெப்பத்தைச் சேர்க்கின்றன. மாறாக, சனவரி இரவுகளில் வெப்பநிலை 18 பாகை அளவுக்கு இறங்குவதால் சிறிய நீர்ச்சூடாக்கியும் தேவைப்படுகிறது.

எளிய தீர்வு, நீர்ப்பரப்பின்மீது சிறு மின்விசிறியை ஓடவிடுதல் ஆகும். மண்பானை நீர் குளிர்வதும் இதே முறையில்தான். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2.4 மெகாசூல் வெப்பம் தேவை. ஒரு நாளில் 5 லிட்டர் ஆவியானால் சராசரியாக 140 வாட்டு வெப்பம் தொடர்ந்து வெளியேறுவதாகக் கணக்கிடலாம். காற்று உலர்ந்திருக்கும் கொங்குப் பகுதியில் இம்முறை, ஈரக்காற்று நிறைந்த சென்னையில் செயல்படுவதைவிட நன்கு செயல்படுகிறது. உள்நாட்டில் இருப்பதால் கிடைக்கும் அரிய நன்மை இது. இதற்கான விலை, நாள்தோறும் அவ்வளவு தூயநீரையும் ஈடுசெய்ய வேண்டியிருப்பதே. மிதவை அல்லது உணரியால் இயங்கும் தானியங்கி நீர்நிரப்பியை அமைத்தால் இவ்வேலை எளிதாகும். விசிறியால் இரண்டு முதல் நான்கு பாகை வரையே குறைக்க இயலும். கற்பவளம் வளர்ப்போருக்குக் கோடையில் குளிரூட்டும் பொறி தவிர்க்க இயலாதது.

நீரோட்டமும் மின்சாரமும்

பவளங்கள் நகர்வதில்லை. உணவையும் உயிர்வளியையும் கொண்டுவருவதும் கழிவை அகற்றுவதும் நீரோட்டமே. தொட்டியின் கொள்ளளவைப்போல் மணிக்கு 20 மடங்கு அல்லது அதற்கு மேலும் நீர் சுழல வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். ஒரே திசையில் பாயும் நீரைவிட அலைபோல் மாறிமாறி வரும் ஓட்டம் நல்லது.

கோயம்புத்தூர் நீரேற்றித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரம். ஆனால் அங்கு வீட்டுக்கும் வயலுக்கும் செய்யப்படும் வார்ப்பிரும்பு, வெண்கல, பித்தளை நீரேற்றிகளுள் எதையும் இத்தொட்டிக்குப் பயன்படுத்தக்கூடாது. கடல்நீர் உலோகத்தை அரிக்கும். கரையும் செம்பு, மிகச் சிறிய அளவிலேயே பவளம், இறால், நத்தை ஆகியவற்றைக் கொல்லும். உள்ளே உலோகம் நீரைத் தொடாத, காந்தச் சுழலி கொண்ட நெகிழி நீரேற்றிகளே ஏற்றவை. இதே காரணத்தால் குளிரூட்டும் பொறியின் சுருளும் செம்பாக இல்லாமல் டைட்டானியத்தால் ஆனதாக இருக்க வேண்டும். மீன்களின் வெண்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து இடுவதாயின் அதைத் தனித்தொட்டியிலேயே செய்ய வேண்டும்.

27 பாகை வெப்பமுள்ள நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் உயிர்வளியைக் கரைத்து வைத்திருக்கும். அதே வெப்பத்தில் கடல்நீர் ஏறத்தாழ 6.5 மில்லிகிராமே கொள்ளும். ஆகவே மின்தடையின்போது முதலில் வரும் ஆபத்து குளிரோ வெப்பமோ அன்று, மூச்சுத்திணறல் ஆகும். 2012 ஆம் ஆண்டில் தமிழகத்தில் நிலவிய கடும் மின்வெட்டில் கொங்கு மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் மின்சாரம் இல்லாதிருந்தது. இன்று நிலைமை வெகுவாக மாறியிருப்பினும், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பகல் முழுதும் நீடிக்கிறது. ஒரு சுழல்நீரேற்றியை மட்டுமாவது இன்வெர்ட்டரில் இணைப்பதும், மின்கலத்தில் இயங்கும் காற்றேற்றி ஒன்றை வைத்திருப்பதும் கட்டாயம். மின்சாரம் நின்றால் மேல்தொட்டி நீர் குழாய் வழியே கீழ்த்தொட்டிக்கு இறங்கும். அதைக் கொள்ளும் அளவு கீழ்த்தொட்டியில் வெற்றிடம் விடாவிட்டால் தரை முழுவதும் உப்புநீர் ஆகிவிடும்.

தொட்டியை அமைத்தலும் முதிர்தலும்

நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட தொட்டி ஏறத்தாழ 255 லிட்டர் கொள்ளும். கல், கண்ணாடி, தாங்கி ஆகியவற்றோடு அதன் எடை 350 கிலோவைத் தாண்டும் என்பதால் தரையின் வலுவைக் கருத வேண்டும். சிறிய தொட்டி எளிது என்ற எண்ணம் தவறானது. நீர் குறைய, மாற்றங்கள் விரைவாகின்றன.

உயிர்ப்பாறைக்கு மாற்றாகத் துளைகள் நிறைந்த சுடுமண் கற்களையோ, சிமெண்டும் சுண்ணாம்புத் துகளும் கலந்து வார்த்த கற்களையோ பயன்படுத்தலாம். சிமெண்டுக் கற்களை, பிஎச் மதிப்பு இறங்கும்வரை பல வாரங்கள் நீர் மாற்றி ஊறவைக்க வேண்டும்.

புதிய தொட்டியில் உடனே மீன் விடுதல் கூடாது. உணவும் கழிவும் சிதைந்து அம்மோனியா உண்டாகிறது. ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் நஞ்சு. கற்களில் இப்பாக்டீரியா பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். சிறிது அம்மோனியாவைச் சேர்த்துச் சோதனைப்பெட்டியால் அளந்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் ஆனபின்னரே முதல் உயிரினத்தை விடவேண்டும். செலவு ஏதுமில்லாத இந்தப் பொறுமையே பலருக்கு மிகக் கடினமான பகுதியாக உள்ளது.

உயிரினங்கள்

தொடங்குவோருக்கு ஏற்றது கோமாளி மீன் ஆகும். 1947 இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் நிலையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் உயராய்வு மையமும் கோமாளி மீன்களைக் கூண்டில் இனப்பெருக்கம் செய்யும் முறைகளை உருவாக்கியுள்ளன. முட்டைகளை ஆண்மீன் காக்கிறது. ஏறத்தாழ ஒரு வாரத்தில், இருள் சூழ்ந்தபின் அவை பொரிக்கின்றன. குஞ்சுகளுக்கு முதல் உணவு ரோட்டிபர் என்னும் நுண்ணுயிரி. கோமாளி மீன்கள் அனைத்தும் ஆணாகவே முதிர்கின்றன. கூட்டத்தில் மிகப் பெரியது பெண்ணாக மாறுகிறது. ஆகவே இரு இளம் மீன்களை ஒன்றாக விட்டாலே இணை அமைந்துவிடும். கூடத்தில் பிறந்த மீன் தீனிக்குப் பழகியது. கடலில் பிடித்த மீன்களுள் பல, தொட்டியில் உண்ணாமலேயே இறக்கின்றன. கோமாளி மீன் தொட்டியில் வாழக் கடற்சாமந்தி தேவையில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

சோவாந்திடு எனப்படும் பொத்தான் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உள்ளது. அவை ஒட்டிய கல்லை வெந்நீரில் கழுவுவதோ கொதிக்க வைப்பதோ கூடாது. ஆவியைச் சுவாசித்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. கையுறையும் கண்ணாடியும் அணிந்தே கையாள வேண்டும்.

பராமரிப்பு

நாள்தோறும் வெப்பநிலையையும் நீர்மட்டத்தையும் பார்ப்பதும், அளவாகத் தீனி இடுவதும் போதும். புரதப்பிரிப்பி நுண்குமிழிகளால் கரிமக் கழிவை நுரையாக்கி வெளியேற்றுகிறது. கடற்கரையில் அலைநுரை ஒதுங்குவதும் இவ்வாறே. அதன் கிண்ணத்தை வாரம் இருமுறை கழுவ வேண்டும். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுதல் வழக்கம்.

கற்பவளம் வளரும் தொட்டியில் கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், காரத்தன்மை 7 முதல் 11 டிகேஎச், மக்னீசியம் 1250 முதல் 1350 மில்லிகிராம் வரை பேணப்படுகின்றன. பவளம் 20 மில்லிகிராம் கால்சியத்தை எடுக்கும்போது காரத்தன்மை 2.8 டிகேஎச் குறையும். எனவே காரத்தன்மையே முதலில் சரிவைக் காட்டும். அதை வாரம் இருமுறை அளந்தால் மற்றவற்றை ஊகிக்கலாம். ஈடுசெய்யப் பயன்படும் பழைய முறை தெளிந்த சுண்ணாம்பு நீர் ஆகும். ஒரு லிட்டரில் ஏறத்தாழ ஒன்றரைக் கிராம் தூய கால்சியம் ஐதராக்சைடு கரைத்து, தெளிவை மட்டும் இறுத்து, இரவில் சொட்டுச் சொட்டாக விடுவர். அதன் பிஎச் மதிப்பு 12 ஐத் தாண்டுவதால் ஒரே நேரத்தில் ஊற்றினால் தொட்டி அழியும். வெற்றிலைச் சுண்ணாம்பின் தூய்மை உறுதியற்றது என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

மாற்றி எடுத்த 20 லிட்டர் நீரில் ஏறத்தாழ 700 கிராம் உப்பு இருக்கும். அதைத் தோட்டத்தில் ஊற்றினால் மண் கெடும். கழிவுநீர்க் குழாயிலேயே விடவேண்டும். வேண்டாத பாசியையும் உயிரினத்தையும் குளத்திலோ கடலிலோ விடுதல் கூடாது. 1984 இல் மொனாக்கோக் கடற்கரையில் காட்சியகம் ஒன்றின் அருகே சிறு திட்டாகக் கண்டறியப்பட்ட காலெர்ப்பா என்னும் பாசி, பின்னர் நடுநிலக்கடலின் பல பகுதிகளுக்குப் பரவியது. வெட்டி நீக்கும் பாசியைக் காயவைத்துக் குப்பையில் சேர்ப்பதே நடைமுறை ஆகும்.